கையெழுத்துப் போட நாலு நாள் பொறு! பிரிட்டன் பட்ட பாடும், ஆஸ்திரேலியா கற்ற பாடமும்

பாங்கி தப்புச் செய்தால், அதைத் தட்டிக் கேட்க முடியுமா?

முடியும். பிரிட்டனில் கேட்டார்கள். பாங்கிகளும் கடன் கம்பெனிகளும் அங்கே மக்களுக்குத் திருப்பிக் கொடுத்த பணம் எவ்வளவு தெரியுமா? 3,800 கோடி பவுண்டு! பவுண்டு என்பது பிரிட்டன் நாட்டுப் பணம். ஒரு பவுண்டு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே, இது 3 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்.

அப்படி என்ன செய்துவிட்டன அந்தப் பாங்கிகள்? கள்ள நோட்டு அடித்தனவா? பெட்டியை உடைத்துத் திருடினவா? இல்லை. எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் செய்தன. ஒவ்வொரு காகிதமும் ஒழுங்காக இருந்தது. ஆனால் காகிதத்துக்குப் பின்னால் நியாயம் இல்லை.

இந்தக் கதையைக் கேட்டு, ஆஸ்திரேலியா ஒரு புதிய சட்டம் செய்தது. கடன் வாங்கும் குடும்பங்கள் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

பொருள் நல்லதுதான்

ஒருவர் கடன் வாங்குகிறார். மாதாமாதம் தவணை கட்டுகிறார். திடீரென்று அவருக்கு நோய் வருகிறது. அல்லது விபத்தில் கை கால் முறிகிறது. அல்லது வேலை போகிறது. அப்போது தவணையை யார் கட்டுவது?

இதற்காக ஒரு இன்சூரன்சு உண்டு. கடன்காரருக்குக் கஷ்டம் வந்தால், இன்சூரன்சு கம்பெனி சில காலத்துக்குத் தவணையைக் கட்டும். பிரிட்டனில் இதற்கு 'பேமென்ட் புரொடெக்‌ஷன் இன்சூரன்சு' என்று பெயர். சுருக்கமாக 'பி.பி.ஐ.' என்பார்கள். 'கடன் தவணை இன்சூரன்சு' என்று நாம் சொல்லலாம்.

நினைப்பு நல்லதுதான். விற்ற விதம்தான் மோசம்.

வீட்டுக் கடன், கைமாற்றுப் போன்ற சிறு கடன், கிரெடிட் கார்டு, கார் வாங்கக் கடன் என்று எந்தக் கடனைக் கேட்டாலும், கூடவே இந்த இன்சூரன்சும் ஒட்டிக்கொண்டு வந்தது. சுமார் 6 கோடியே 40 லட்சம் பாலிசிகள் விற்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை 1990-க்கும் 2010-க்கும் இடையே விற்றவை. பிரிட்டனின் மக்கள் தொகையே 2011-ல் சுமார் 6 கோடியே 30 லட்சம்தான். ஆளுக்கு ஒரு பாலிசி என்று கணக்கு வருகிறது!

யாருக்கு விற்றார்கள்?

வேலை போனால் பணம் தரும் இன்சூரன்சை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவருக்கு விற்றார்கள். அவருக்கு ஏது வேலை? போவதற்கு என்ன இருக்கிறது?

சொந்தத் தொழில் செய்பவருக்கு விற்றார்கள். அவருடைய தொழில் படுத்தால், பல பாலிசிகளில் பணம் கிடைக்காது. ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு விற்றார்கள். அந்த நோயால் படுத்தால் பணம் இல்லை என்று பத்திரத்தில் எங்கோ பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

"இதை எடுத்தால்தான் கடன் கிடைக்கும்" என்று நம்பி எடுத்தவர்கள் பலர். தங்கள் பெயரில் இப்படி ஒரு இன்சூரன்சு இருக்கிறது என்பதே தெரியாமல் பணம் கட்டியவர்களும் உண்டு.

இன்னொரு தந்திரமும் நடந்தது. இன்சூரன்சுக்கு உரிய பணம் முழுவதையும் முதல் நாளே கடனோடு சேர்த்துவிடுவார்கள். ஒருவர் 5,000 பவுண்டு கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்சு 1,000 பவுண்டு. அவர் பேரில் 6,000 பவுண்டு கடன் எழுதப்படும். கைக்கு வருவது 5,000. வட்டியோ 6,000-க்கு! இன்சூரன்சுக்கும் வட்டி கட்டிய கதை இதுதான்.

நூறில் எழுபத்திரண்டு

இவ்வளவு மும்முரமாக விற்கக் காரணம் என்ன? கமிஷன்தான்.

2006-ம் ஆண்டில் ஒரு விதவை அம்மாள் 34,000 பவுண்டு கடன் வாங்கினார். அதோடு 5,780 பவுண்டுக்கு இந்த இன்சூரன்சும் சேர்ந்தது. இந்தப் பணத்தில் இன்சூரன்சு கம்பெனிக்குப் போனது சுமார் 1,630 பவுண்டு மட்டுமே. மீதி எங்கே? கடன் கொடுத்த கம்பெனியும் புரோக்கரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நூற்றுக்கு 71.8 பங்கு கமிஷன்!

அந்த அம்மாளிடம் இதை யாரும் சொல்லவில்லை. அவர் வழக்குப் போட்டார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2014 நவம்பரில் தீர்ப்பு வந்தது. இவ்வளவு பெரிய கமிஷனை மறைத்ததால், கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே இருந்த உறவு நியாயமானது அல்ல என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. தனியாக நின்ற ஒரு பெண்மணி பெற்ற அந்தத் தீர்ப்பு, பிறகு ஏராளமான பேருக்கு வழி திறந்தது.

தனக்குத் தானே விற்ற ஆள்

பாங்கியின் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சிப்பந்தியும் மனிதர்தான். அவருக்கும் குடும்பம் உண்டு. அவரை விரட்டியது எது?

2013 டிசம்பரில் லாயிட்ஸ் பாங்கிக் குழுமத்துக்கு 2 கோடியே 80 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. இது பி.பி.ஐ. விவகாரம் அல்ல. 2010 முதல் 2012 வரை வேறு முதலீட்டுத் திட்டங்களையும் இன்சூரன்சுகளையும் விற்ற முறை பற்றியது. ஆனால் நோய் ஒன்றுதான்.

அங்கே விற்பனை இலக்கு வைத்திருந்தார்கள். இலக்கை எட்டினால் போனஸ். எட்டாவிட்டால் பதவி இறக்கம். ஆண்டுக்கு 33,706 பவுண்டு சம்பளம் வாங்கும் ஒருவர் ஒரு படி இறங்கினால், சம்பளம் 25,927 ஆகிவிடும். இரண்டு படி இறங்கினால், ஏறத்தாழப் பாதி!

இந்தப் பயத்தில் ஒரு சிப்பந்தி என்ன செய்தார் தெரியுமா? தனக்குத் தானே விற்றுக்கொண்டார். மனைவிக்கு விற்றார். கூட வேலை செய்பவருக்கும் விற்றார். பதவி இறங்காமல் தப்ப வேறு வழி தெரியவில்லை!

சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்க, பாங்கிகளில் தனி அதிகாரிகள் உண்டு. அவர்கள் பத்திரங்களைப் பார்ப்பார்கள். கையெழுத்து இருக்கிறதா, தேதி இருக்கிறதா, கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று சரிபார்ப்பார்கள். ஒரு பக்கம் சட்டத்தைக் காட்டி, இன்னொரு பக்கம் சம்பளத்தைக் காட்டினால், சிப்பந்தி எந்தப் பக்கம் சாய்வார்? சொல்லவே வேண்டாம்.

புகார் எழுந்தது

2005-ம் ஆண்டில் 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்ற பொதுநலச் சங்கம் முதல் மணியை அடித்தது. கடனில் சிக்கியவர்களுக்கு யோசனை சொல்லும் சங்கம் அது. கஷ்டப்பட்ட மக்கள் சொன்னதை எல்லாம் தொகுத்து, சர்க்காரின் வர்த்தக இலாகாவிடம் பெரும் புகாராகக் கொடுத்தது.

விசாரணை நடந்தது. 2009-ல் போட்டிக் கமிஷன் ஒரு முடிவுக்கு வந்தது. கடன் கொடுக்கும்போதே இந்த இன்சூரன்சை விற்கக் கூடாது. ஏழு நாள் போக வேண்டும். முழுப் பணத்தையும் கடனோடு சேர்க்கும் முறையும் கூடாது.

பாங்கி ஒன்று மேல் முறையீடு செய்தது. "ஒரே இடத்தில் இரண்டையும் வாங்குவது மக்களுக்குச் சௌகரியம். அதைக் கமிஷன் யோசித்ததா?" என்று கேட்டது. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்று மேல் மன்றமும் சொல்லிற்று. கமிஷன் மறுபடி ஆராய்ந்தது. ஆராய்ந்த பிறகும் அதே முடிவுதான். சௌகரியத்தைவிட நஷ்டம் பெரியது என்று கண்டது. ஏழு நாள் விதி 2012-ல் அமலுக்கு வந்தது. புகார் கொடுத்து ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன!

கோர்ட்டில் தோற்றன

இனி விற்பதைத் தடுத்தாயிற்று. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கதி?

நிதித் துறையைக் கண்காணிக்கும் அதிகார சபை 2010-ல் புதிய விதிகளைப் போட்டது. அவற்றில் இரண்டு விஷயம் முக்கியமானவை.

ஒன்று: புகார் வந்தால், "கையெழுத்து இருக்கிறது" என்று தள்ளிவிடக் கூடாது. விற்ற விதம் நியாயமா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு: ஒரே தப்பைப் பற்றிப் பல புகார்கள் வந்தால், புகார் செய்யாதவர்களுக்கும் அதே அநியாயம் நடந்ததா என்று பாங்கியே தேடிப் பார்க்க வேண்டும்.

பாங்கிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. "பழைய விற்பனைக்குப் புதிய விதியா?" என்று வாதாடியது. 2011 ஏப்ரல் 20-ல் தீர்ப்பு வந்தது. பாங்கிகள் தோற்றன. இரண்டே வாரத்தில் லாயிட்ஸ் பாங்கி, சண்டையை விட்டு விலகியது. மக்களுக்குக் கொடுக்க 320 கோடி பவுண்டு ஒதுக்கியது. அதுவும் போதவில்லை. முடிவில் அந்த ஒரு குழுமத்துக்கு மட்டும் 2,100 கோடி பவுண்டுக்கு மேல் செலவாயிற்று.

திருப்பிக் கொடுப்பதிலும் கோணல்

பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் லேசாக நடக்கவில்லை. வந்த புகார்களை நியாயமாக விசாரிக்கவில்லை என்று, 2015-ல் அதே லாயிட்ஸ் குழுமத்துக்கு மறுபடி 11 கோடியே 70 லட்சம் பவுண்டு அபராதம் போட்டார்கள்.

நடுவில் தரகர்கள் முளைத்தார்கள். "உங்கள் பணத்தை வாங்கித் தருகிறோம்" என்று வீடுவீடாக டெலிபோன் செய்தார்கள். வாங்கிக் கொடுத்த பணத்தில் பெரிய பங்கைக் கேட்டார்கள். புகார் செய்யக் காசே வேண்டாம் என்பது பலருக்குத் தெரியாது. 2018-ல்தான், நூற்றுக்கு இருபதுக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் கட்டுப்படுத்தியது.

புகார் கொடுக்கக் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. அதை மக்களுக்கு நினைவூட்ட, சினிமா நடிகர் அர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கரின் தலையைப் போல ஒரு பொம்மைத் தலை செய்து, டெலிவிஷனில் விளம்பரம் காட்டினார்கள். சிரித்தவர்கள் உண்டு. பலருக்குத் தங்கள் பழைய காகிதங்கள் நினைவுக்கு வந்தன.

முன் ஏர் கோணினால்...

முன் ஏர் கோணினால் பின் ஏரும் கோணும் என்பது பழமொழி. ஆஸ்திரேலியாவில் அதுதான் நடந்தது.

அங்கேயும் பாங்கிகள் கடனோடு இன்சூரன்சு விற்றன. பிரிட்டனில் கோர்ட்டுத் தீர்ப்பு வந்த பிறகும் விற்றன. காமன்வெல்த் பாங்கி என்ற பெரிய பாங்கி, வேலை இல்லாத காரணத்தால் பணம் பெற வழியே இல்லாதவர்களுக்குக் கிரெடிட் கார்டு இன்சூரன்சை விற்றிருந்தது. 65,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் ஒரு கோடி டாலரைத் திருப்பிக் கொடுப்பதாக 2017-ல் ஒப்புக்கொண்டது.

2019 ஜூலையில் கண்காணிப்புக் கமிஷன் ஒரு கணக்கை வெளியிட்டது. கிரெடிட் கார்டோடு விற்ற இன்சூரன்சில், மக்கள் கட்டிய ஒவ்வொரு டாலருக்கும் திரும்பக் கிடைத்தது 11 சென்ட் மட்டுமே. ஒரு டாலர் என்பது 100 சென்ட். ஒரு ரூபாய் கட்டினால் பதினோரு காசு வந்த மாதிரி!

இதற்கு முன்பே, 2017 டிசம்பரில், நிதித் துறையை விசாரிக்க ஆஸ்திரேலிய சர்க்கார் ஒரு ராயல் கமிஷனை நியமித்திருந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி கென்னத் ஹெய்ன் அதை நடத்தினார். விசாரணையில் வெளிவந்த செய்திகளைக் கேட்டு நாடே திகைத்தது. இறந்துபோன ஒருவர் பேரில், அவர் இறந்தது தெரிந்தும், பத்து ஆண்டுக்கு மேல் ஆலோசனைக் கட்டணம் எடுத்திருக்கிறார்கள். செத்தவருக்கு என்ன ஆலோசனை!

கமிஷனின் முடிவு அறிக்கை 2019 பிப்ரவரியில் வெளியாயிற்று. மொத்தம் 76 சிபாரிசுகள். சில நாட்களில் நேஷனல் ஆஸ்திரேலியா பாங்கியின் தலைவரும் நிர்வாகத் தலைவரும் பதவி விலகுவதாக அறிவித்தார்கள்.

ஹெய்ன் சொன்ன அடிப்படை விதிகள் ஆறு. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். சட்டத்துக்குக் கீழ்ப்படி. ஏமாற்றாதே. நியாயமாக நட. வாங்குபவருக்குப் பொருத்தமானதைக் கொடு. வேலையைக் கவனமாகவும் திறமையாகவும் செய். பிறருக்காகச் செயல்படும்போது அவர் நன்மையையே பார். ஆயிரக்கணக்கான பக்கச் சட்டங்களின் சாரம் இவ்வளவுதான்.

நாலு நாள் சட்டம்

அந்தச் சிபாரிசுகளில் ஒன்று நம் கதைக்கு நேராக வருகிறது. ஒரு பொருளையோ கடனையோ விற்கும்போது, அதோடு ஒட்டி இன்சூரன்சை உடனே விற்கக் கூடாது. நடுவில் இடைவெளி வேண்டும்.

அது சட்டமாயிற்று. 2021 அக்டோபர் 5 முதல் அமலில் இருக்கிறது. கடன் முடிவாகி, இன்சூரன்சு பற்றிய விவரத் தாளும் கையில் வந்த பிறகு, நாலு நாள் கழிய வேண்டும். அதற்குள் அந்த இன்சூரன்சை விற்கக் கூடாது. "இனி இது பற்றி என்னைத் தொந்தரவு செய்யாதே" என்று வாடிக்கைக்காரர் தெரிவித்துவிட்டால், பிறகு நச்சரிக்கவும் கூடாது. கார் முழுமைக்கும் உரிய இன்சூரன்சு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நாலு நாளில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நிறைய ஆகும்.

கடன் வாங்கப் போகிறவர் மனம் கடனிலேயே இருக்கிறது. மகளுக்குக் கல்யாணம். அல்லது ஆஸ்பத்திரிச் செலவு. எதிரே இருப்பவர் "இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து" என்கிறார். கேள்வி கேட்டால் கடன் நின்றுவிடுமோ என்ற பயம். போட்டுவிடுகிறார்.

வீட்டுக்கு வந்துவிட்டால் நிலைமை வேறு. கடன் கைக்கு வந்துவிட்டது. பயம் இல்லை. மனைவி கேட்பாள், "இது எதற்கு?" என்று. படித்த பிள்ளை பொடி எழுத்தைப் படித்துச் சொல்லும். வேறு கம்பெனியில் விலை விசாரிக்கலாம். வேண்டும் என்றால் ஐந்தாம் நாள் வாங்கிக்கொள்ளலாம். நல்ல பொருள் நாலு நாளில் கெட்டுப்போகாது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. அந்த நாலு நாளுக்குள் விபத்து வந்தால்? இன்சூரன்சு இருக்காது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பக்கம் நாலு நாள் ஆபத்து. இன்னொரு பக்கம் பல ஆண்டு வீண் செலவு. தூக்கிப் பார்த்தால் எது கனம் என்று தெரிந்துவிடும்.

நம் நாட்டில் எப்படி?

இந்தியாவிலும் பாங்கிகள் இன்சூரன்சு விற்கின்றன. இங்கே பாதுகாப்பு என்ன?

2024 அக்டோபர் 1 முதல், தனி நபர்களும் சிறு தொழில் செய்பவர்களும் வாங்கும் கடன்களுக்கு, பாங்கி ஒரு விவரத் தாள் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டிருக்கிறது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். கடனோடு வசூலிக்கும் இன்சூரன்சுச் செலவையும் சேர்த்துத்தான் ஆண்டுக்கு எவ்வளவு வட்டி விழுகிறது என்று காட்ட வேண்டும். தாளில் இல்லாத கட்டணத்தைக் கடன்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்கக் கூடாது.

ஆயுள் இன்சூரன்சு எடுத்தவர், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் "வேண்டாம்" என்று திருப்பிக் கொடுக்கலாம் என்றும் 2024-ல் விதி வந்தது. சில சில்லறைச் செலவுகளைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

இரண்டும் நல்ல விதிகள். ஆனால் ஆஸ்திரேலியச் சட்டத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே விற்பவர் காத்திருக்க வேண்டும். இங்கே வாங்கியவர் விழித்துக்கொள்ள வேண்டும். வாங்கியதே தெரியாதவர், 30 நாளில் எதைத் திருப்பிக் கொடுப்பார்? பாரத்தை விற்பவர் தலையில் வைத்தால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும். பிரிட்டன் இருபது ஆண்டில் கற்றது அதுதான்.

கேட்க வேண்டிய நாலு கேள்வி

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை குடும்பங்கள் தாங்களே நாலு கேள்வி கேட்கலாம்.

1. இந்த இன்சூரன்சு இல்லாவிட்டால் கடன் கிடைக்காதா? அப்படியானால் எழுதிக் கொடுப்பீர்களா?

2. என் வயது, என் தொழில், என் உடல்நிலை இவற்றுக்கு இது பணம் தருமா? எந்தச் சமயத்தில் தராது?

3. இன்சூரன்சுப் பணம் கடனோடு சேர்கிறதா? அதற்கும் வட்டி உண்டா?

4. பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வரலாமா?

நாலாவது கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். "தாராளமாகப் படித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்பவர் நியாயஸ்தர். "இப்போதே போட்டாக வேண்டும்" என்று அவசரப்படுத்துபவரிடம் பேனாவை எடுக்கவே வேண்டாம்.

பதறாத காரியம் சிதறாது. இதை ஒப்புக்கொள்ளப் பிரிட்டனுக்கு 3,800 கோடி பவுண்டு செலவாயிற்று. நமக்கு நாலு நாள் பொறுமை போதும்.